சொரூபத்தின் முன்விளிம்பும் என் பொறாமையும்

மரபுரிமை முகாமைத்துவத்திலும் பேணலிலும் முதுமாணிக் கற்கையைத் தொடங்கியிருக்கும் உங்களுக்கு, மரத்தைப் பற்றியும் சுண்ணாம்பைப் பற்றியும் உப்புக் காற்றைப் பற்றியும் சொல்லித்தர நல்ல விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய வேலையில் நான் கை வைக்கப் போவதில்லை. பாடத்திட்டத்தில் இடம்பெறாத ஒன்றைப் பற்றியே எழுதுகிறேன்: உடன் வேலை செய்பவர்மீது உங்களுக்கு வரப்போகும் பொறாமை.

வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நம் தொழிலில் அது சற்றுக் கடுமையாகவே வரும். மருத்துவர் ஒருவருக்கு ஒரு நோயாளி கைதவறினால் இன்னொருவர் வருவார். நமக்கு அப்படியில்லை. ஓர் ஊரில் ஒரு சொரூபம்தான் இருக்கிறது. அதை ஒருவர் கையில் ஒப்படைத்துவிட்டால், பக்கத்தில் நிற்பவருக்கு அது அவருடைய ஆயுளில் கிடைக்காது. முதலாமவர் செய்த வேலையின்மேல் இன்னொரு வேலை செய்யவும் ஏலாது. தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நான் இந்தக் கற்கைக்கு வந்தது, ஓய்வுபெறச் சில ஆண்டுகளே மிஞ்சியிருந்த வயதில். அதுவரை பழைய கட்டடங்களைப் பற்றிய கோவைகளை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்த்தும் அரசாங்க வேலையில் இருந்தேன். கட்டடங்களைக் கையால் தொட வேண்டும் என்ற ஆசை, சம்பளம் பெற்றுக்கொண்டே படிக்க விடுமுறை தந்தபோதுதான் நிறைவேறியது. வகுப்பில் மற்றவர்கள் எல்லோரும் என் பிள்ளைகளின் வயதினர். அவர்களுள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நிரோஷினி என்பவர், முதல் நாளே என்னை "அன்ரி" என்று கூப்பிட்டார். "அக்கா எண்டு கூப்பிடும்" என்றேன். அன்று தொடங்கியது என்று சொல்லலாம்.

கள வேலைக்காகப் பேராசிரியர் எங்களைத் திருகோணமலைக்கு அழைத்துவந்தார். என் வீடு பாலையூற்றில். எனக்கு அது ஊருக்குத் திரும்பி வந்தது போல. உட்துறைமுகக் கரையில் மீன்பிடிக் குடும்பங்களின் சிறிய கத்தோலிக்கத் தேவாலயம் ஒன்று இருக்கிறது. ஊரார் அதைக் கோயில் என்றே சொல்வார்கள். அங்கே மரத்தாலான பழைய மாதா சொரூபம். உட்புறம் பூச்சி அரித்து உளுத்துப்போனதால் முந்திய வருடத் திருநாளில் அதை வெளியே எடுக்கவில்லை. இந்த வருடம் எடுத்தாக வேண்டும். கோயிலின் பின்சுவரும் உப்புப் பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது. சொரூபத்தை ஒருவரும் சுவரை ஒருவரும் பொறுப்பேற்க வேண்டும் என்றார் பேராசிரியர்.

சொரூபத்துக்கு நான் ஆசைப்பட்டேன் என்பதை அவர் அறிவார். அதை நிரோஷினியிடம் கொடுத்தார்.

"சுவர் பொறுமை கேக்கிற வேலை. அனுபவம் உள்ள ஒராள்தான் அதுக்குச் சரி" என்று என்னிடம் சொன்னார். வயதை மரியாதையாகக் குறிப்பிட அப்படியும் ஒரு வழி இருக்கிறது.

அந்த ஆண்டு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று எங்கள் வகுப்புக்குக் கலாநிதிப் பட்ட ஆய்வுக்காக ஓர் இடம் ஒதுக்கியிருந்தது. நானும் விண்ணப்பித்திருந்தேன். இந்த வயதில் எதற்கு என்று கேட்டவர்களுக்கு நான் பதில் சொல்லவில்லை. கள வேலையைப் பார்த்தே பேராசிரியர் பரிந்துரைப்பார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. உதிரும் சுவரைப் பார்த்து எவரும் வியந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

நிரோஷினியின் கை நல்ல கை. அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு இன்றைக்கும் சிரமம் உண்டு. ஆனாலும் அது உண்மை. தூரிகை பிடிக்கும்போது அவருடைய மணிக்கட்டு அசையாது. பூச்சி அரித்த மரத்துக்குள் பசையைத் துளித்துளியாக ஊட்டிவிட்டு, அது இறுகும் வரை பக்கத்திலேயே இருப்பார். நான் என் சுவரிலிருந்து உப்பை ஒற்றி எடுத்துக்கொண்டே அவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஊராரும் அவரைத்தான் பார்த்தார்கள்.

பிலோமினா அக்கா என்று ஒருவர், கோயிலுக்கு அடுத்த வீடு. அவருடைய மகன் கச்சான் காற்று வீசும் ஒரு காலத்தில் கடலுக்குப் போனவர், வள்ளமும் வரவில்லை, அவரும் வரவில்லை. பிலோமினா அக்கா தினமும் எங்களுக்குத் தேநீர் கொண்டுவருவார்.

"இந்தா பிள்ளை, பால் தேத்தண்ணி. மாதாவோட இருக்கிற பிள்ளை களைச்சுப் போகப்படாது" என்று நிரோஷினிக்குக் கொடுப்பார். பிறகு என் பக்கம் வருவார். "மிஸ்ஸுக்குப் பிளேன்டீ. சீனியும் போடயில்லை, சீனி வருத்தம் இருக்குமெண்டு."

"எனக்குச் சீனி வருத்தம் இல்லை, பிலோமினா அக்கா."

"இந்த வயசில இல்லாமல் இருக்குமோ? எதுக்கும் ஒருக்காப் பாருங்கோ."

நிரோஷினி சிரிப்பை அடக்கச் சொரூபத்தின் பின்னால் மறைந்துகொள்வார்.

திருநாளுக்கு முந்திய வாரம் வேலை முடிந்து, சொரூபத்தைப் பீடத்தோடு கோயில் நடுவில் வைத்தார்கள். சனம் வரிசையாக வந்து பார்த்தது. பேராசிரியர் மாணவர்களைக் கூட்டிவைத்து, நிரப்பிய இடமும் பழைய மரமும் ஒன்றோடொன்று எப்படி இணங்கியிருக்கின்றன என்று காட்டிக்கொண்டிருந்தார். நானும் போனேன். குறை கண்டுபிடிக்கத்தான் போனேன். பாராட்ட வந்தவர்கள் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு முகத்தில் ஒன்றும் அகப்படவில்லை. கீழே இறங்கி, உடுப்பின் மடிப்புகளைப் பார்த்து, பாதத்தைப் பார்த்து, பீடத்துக்கு வந்தேன்.

பீடத்தின் முன்விளிம்பு கூராக, நேராக இருந்தது.

வேலை தொடங்கிய அன்று, சொரூபத்தைத் தூக்கி மேசையில் வைக்க உதவியவர்களில் நானும் ஒருத்தி. முன்பக்கம் என் கை. அப்போது அந்த விளிம்பு பாவித்துத் தேய்ந்த சவர்க்காரக் கட்டி போல உருண்டிருந்தது. விரல் வழுக்கியதும் நினைவிருக்கிறது. பின்விளிம்பு அன்றைக்கே கூராகத்தான் இருந்தது. நிரோஷினி உருண்டுபோன முன்பக்கத்தைச் சிதைவு என்று எடுத்துக்கொண்டு, பின்பக்கத்தை அளவாக வைத்துப் பசைக் கலவையால் நிரப்பி, நிறம் தீட்டிச் சதுரமாக்கியிருந்தார். மிக அழகாகச் செய்திருந்தார். நான் அந்தச் சொரூபத்தை நேசித்து மட்டும் பார்த்திருந்தால் அது என் கண்ணில் பட்டிருக்காது.

பூச்சி அரித்த மரம் பொருபொருவென்று இருக்கும். வழுவழுப்பாக உருண்ட மரம், யாரோ எதற்கோ பாவித்த மரம். எதற்கு?

பக்கத்தில் மரியதாஸ் சம்மாட்டியார் நின்றார். வள்ளங்களும் வலைகளும் உடையவர், திருநாளில் சொரூபம் தூக்குபவர்களுக்குத் தலைவர். குரலும் அதற்கேற்ற குரல்.

"சம்மாட்டியார், இந்தச் சொரூபத்தை முன்னுக்குச் சாய்க்கிற வழக்கம் ஏதும் இருக்கோ?"

"இருக்கோவோ! நானெல்லோ சாய்க்கிறனான். எனக்கு முதல் என்ர அப்பர் சாய்ச்சவர்." இரண்டு கைகளாலும் காற்றில் ஒரு சொரூபத்தைப் பிடித்துச் சாய்த்துக் காட்டினார். "ரெண்டு வள்ளத்தைச் சேத்துக் கட்டி, பலகை அடிச்சு, அதில மாதாவை ஏத்தித் துறைமுக வாயடிக்குக் கொண்டுபோறது. அங்கை வைச்சு மாதா கடலை எட்டிப் பாப்பா. கடலுக்குப் போய் வராத ஆக்களின்ர பேரை அந்த நேரந்தான் சனம் கூப்பிடுறது."

"எவ்வளவு சாய்ப்பீங்கள்?"

"தண்ணியில தன்ர முகத்தைக் காணுமட்டும். போன வருசம் ஏலாமல் போச்சு. மாதா இல்லாமல் கரையிலயே பூசையை முடிச்சம், சனம் சாப்பிடாமல் வீட்ட போட்டுது. இந்த முறை பாருங்கோ, தங்கச்சி கல்லு மாதிரி ஆக்கி வைச்சிருக்கிறா. இன்னும் கூடச் சாய்ப்பன்!"

இந்தப் பேச்சைக் கேட்டபோது என் மனதில் முதலில் எழுந்தது மகிழ்ச்சிதான். அடுத்தது பயம். பழைய உருண்ட விளிம்பில் அந்தச் சொரூபம் மெல்ல உருண்டு சாயும். சம்மாட்டியாரின் கைகள் அந்த அசைவுக்குப் பழகியவை. இப்போது முழுப் பாரமும் கூரான கலவை விளிம்பில் ஏறும். கலவை கடினம், அதன் பின்னால் இருக்கும் மரம் மெது. கலவை பெயரும்போது மரத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். சொரூபம் தட்டுப்பட்டு, கைகள் எதிர்பாராத ஒரு நொடியில் முன்னால் விழும். துறைமுக வாயில், பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும் சனத்தின் கண்முன்னால்.

தெரிந்தது யாருக்குச் சொல்லப்பட வேண்டும் என்பதைத்தான் நம் தொழிலில் கடினமான தீர்மானம் என்று நினைக்கிறேன். பேராசிரியரிடம் சொல்லலாம். அந்தக் கலவையைப் பார்த்து அவரே சரி என்றவர். என் விண்ணப்பமும் அவர் மேசையில் கிடந்தது. நான் சொல்வதை என் விண்ணப்பத்தோடு சேர்த்துத்தான் கேட்பார், நாள்கள் போய்விடும். கோயிலின் பங்குக் குருவான சுவாமியிடம் சொல்லலாம். அவர் உடனே நம்புவார், சம்மாட்டியாரும் நம்புவார். அதற்குப் பிறகு அந்த ஊர் படித்த எவரையும் சொரூபத்துக்குக் கிட்ட விடாது. அடுத்த முறை பூச்சி அரித்தால் பெயின்ற் வாளியோடு ஒருவரைக் கூப்பிடுவார்கள். ஒருவரையொருவர் வீழ்த்துவதற்கு நாம் ஊராரைத் துணைக்கு அழைத்தால், தோற்பது நம்மில் ஒருவர் மட்டுமல்ல என்பதை எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு வழியும் என் மனதில் வந்துபோனது. அதை நீங்கள் எச்சரிக்கையோடு கவனிக்க வேண்டும், ஏனென்றால் அது நல்ல குணம் போலத் தோன்றும். நான் பொறாமைக்காரி என்று எனக்கே தெரிகிறதே, ஆகவே என் சந்தேகமும் பொறாமையின் வேலைதான், வாயை மூடிக்கொண்டிருப்பதே பெருந்தன்மை என்ற நினைப்பு. அந்த நினைப்பின்படி நடந்திருந்தால் என் மனச்சாட்சி பளிச்சென்று இருந்திருக்கும், சொரூபம் கடலுக்குள் போயிருக்கும். ஒரு விளிம்பு உருண்டதா கூரானதா என்பதைக் கையால் தடவிப் பார்த்து அறியலாம். தடவுபவர் நல்லவரா என்பது அந்த விளிம்புக்குப் பொருட்டில்லை.

நான் நிரோஷினியிடமே போனேன். கோயிலின் பின்னறையில் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"நிரோஷினி, உமக்கு ஒண்டு சொல்லவேணும். அதுக்கு முதல் இன்னொண்டு. எனக்கு உம்மில பொறாமை."

"தெரியும் அக்கா."

"எப்பிடித் தெரியும்?"

"நீங்கள் என்னைப் பாராட்டேக்க உங்கட பல்லுத் தெரியிறேல்லை."

எனக்குக் கோபம் வந்தது. அப்போது என் பல் தெரிந்திருக்கும்.

"சரி. அப்ப நான் சொல்லப்போறதைப் பொறாமையெண்டு தள்ளவும் வேண்டாம், நம்பவும் வேண்டாம். வந்து பாரும்."

பீடத்தருகே இருவரும் குந்தியிருந்தோம். நான் சொன்னேன். அவர் முகம் சிவந்தது.

"அது சிதைஞ்ச இடம் அக்கா. சிதைஞ்சதைத்தானே நிரப்பினனான். பேராசிரியர் சேரே பாத்துச் சரியெண்டவர்."

"பின்விளிம்பு ஏன் சிதையயில்லை? பூச்சிக்கு முன்பக்கம் பின்பக்கம் தெரியுமோ?"

அவர் பின்விளிம்பை விரலால் தடவினார், பிறகு முன்விளிம்பை. பிறகு நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு மினுமினுப்பு இருந்தது" என்றார். "நான் கண்டனான். ஆரோ பூசின எண்ணெய் எண்டு நினைச்சுத் துடைச்சுப்போட்டு நிரப்பினனான். என்ன செய்யிறது அக்கா இப்ப?"

எனக்குத் தெரிந்த வழியைச் சொன்னேன். "இந்த வருசமும் சாய்க்கவேண்டாமெண்டு சுவாமியிட்டச் சொல்லுவம். மரம் இன்னும் இறுகவேணும் எண்டு சொன்னாக் காணும், பொய்யுமில்லை. சொரூபமும் தப்பும், உம்மட பேரும் தப்பும்." அதைச் சொன்னபோது என்னை நானே மெச்சிக்கொண்டேன் என்று நினைவு. அனுபவம் உள்ளவரின் தீர்ப்பு, யாருக்கும் நட்டமில்லை.

அவர் தலையாட்டவில்லை. "ரெண்டாம் வருசமும் சாய்க்காமல் விட்டா, மூண்டாம் வருசம் சுவாமி கண்ணாடிப் பெட்டி செய்து அதுக்குள்ள வைப்பார். பிறகு மாதா கடலுக்குப் போகமாட்டா. அக்கா, பிலோமினா அக்கா ஒரு நாளும் என்னட்ட மாதா வடிவா வந்திட்டாவோ எண்டு கேக்கயில்லை. எப்ப வள்ளத்தில ஏத்தலாம், எப்ப ஏத்தலாம் எண்டுதான் கேட்டவ. நான்தான் ஏனெண்டு திருப்பிக் கேக்கயில்லை."

"அப்ப கலவையை எடுக்கவேணும். எல்லாருக்கும் தெரியவரும். சேருக்கும்."

"தெரியட்டுமே. ஆனா பிலோமினா அக்காவுக்கு நான் சொல்லுறன், நீங்கள் சொல்லிப்போடாதையுங்கோ. நீங்கள் சொன்னா அவ உங்களுக்குத்தான் ஏசுவா."

அன்று பின்னேரமே பேராசிரியரிடம் அவரே போய்ச் சொன்னார். நான் வாசலில் நின்றேன். தேய்வைச் சிதைவு என்று பிழையாக எடுத்துக்கொண்டதாகவும், விளிம்பை மறுபடி உருண்டையாக விடவேண்டும் என்றும், வேலையின் மதிப்பீட்டில் அது குறைவாகத் தெரிந்தாலும் தனக்குச் சம்மதம் என்றும், சுற்றி வளைக்காமல் சொன்னார். பேராசிரியர் நீண்ட நேரம் கண்ணாடியைத் துடைத்தார். "நானும்தானே பாத்தனான்" என்றார் கடைசியில்.

மறுநாள் கோயிலில் எல்லோரும் பார்த்திருக்கக் கலவையை அகற்றினார். நான் மரமும் கூடவே பெயருமென்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது முட்டைக் கோது கழன்றதுபோல முழுசாக வந்தது. நிரப்புவதற்கு முன்பே, பின்னொரு காலத்தில் யாராவது நீக்க விரும்பினால் மரம் நோகக்கூடாது என்று, இடையில் மெல்லிய தடுப்புப் பூச்சு ஒன்று கொடுத்திருந்தார். எல்லோருக்கும் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததுதான். அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுவது. என் சுவரில் அதை ஒத்த ஒரு முன்யோசனை இருந்ததா என்று எண்ணிப் பார்த்தேன், இருக்கவில்லை.

பிறகு சம்மாட்டியாரிடம், கோயில் நிலத்தில் மெத்தை விரித்து அதன்மேல் ஒரு தரம் சாய்த்துக் காட்டும்படி கேட்டார்.

"மாதாவை வைச்சு ஒத்திகையோ?" சம்மாட்டியாரின் குரல் கூரையில் பட்டுத் திரும்பியது. "தங்கச்சி, இது நாடகமில்லை."

"விழுந்தா நாடகமாப் போயிடும், சம்மாட்டியார்."

சுவாமி சிரித்துவிட்டார். வீடுகளிலிருந்து மெத்தைகளும் தலையணைகளும் வந்தன. சம்மாட்டியார் சிலுவை போட்டுக்கொண்டு சொரூபத்தைச் சாய்த்தார். நிரோஷினி நிலத்தில் ஒருக்களித்துப் படுத்து விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். சொரூபம் பாதி சாய்ந்தபோது மரத்துக்குள் மெல்லிய ஒரு நெரிவு கேட்டது. "காணும், நிப்பாட்டுங்கோ" என்றார்.

"இவ்வளவு சாய்ச்சாத் தண்ணி தெரியாது பிள்ளை" என்றார் பிலோமினா அக்கா. அவர் தலையணையோடு வந்தவர், அதை இன்னும் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். "பலகைதான் தெரியும்."

எனக்கும் வழி தெரியவில்லை. இப்போதாவது நிறுத்திவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். நிரோஷினி எழும்பி, உடுப்பைத் தட்டிக்கொண்டே, "மேடையில மாதா எங்கை நிப்பா?" என்று கேட்டார்.

"நடுவில" என்றார் சம்மாட்டியார். "எப்பவும் நடுவில."

"ஓரத்துக்குக் கொண்டு போனா? முன்னுக்குப் பலகை இல்லாட்டி, பாதிச் சாய்விலயே தண்ணி தெரியுமெல்லோ. பின்னுக்கு ஒரு வார்ப்பட்டி போட்டு ஒராள் பிடிச்சுக்கொள்ளலாம்."

சம்மாட்டியார் மறுபடியும் காற்றில் ஒரு சொரூபத்தைச் சாய்த்துப் பார்த்தார். பிலோமினா அக்கா அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியும்" என்றார் சம்மாட்டியார்.

சொரூபத்தைக் காப்பாற்ற நான் கண்ட வழி, அதை அசையாமல் வைப்பது. அவர் கண்ட வழி, அது அசைவதற்கு வேண்டியதைச் செய்வது. நான் பார்த்த குறை உண்மையான குறைதான். ஆனால் அதைப் பார்ப்பதோடு என் திறமை முடிந்துவிட்டது.

கலாநிதிக் கற்கைக்கான இடம் பிறகு அவருக்கே கிடைத்தது. அதைப் பற்றி இங்கே அதிகம் எழுதமாட்டேன், எனக்கு இன்னும் ஆறவில்லை. போவதற்கு முன் கருத்தரங்கில் இந்தக் கதை முழுவதையும் தன் பிழையாக எடுத்துச் சொன்னார், விளிம்பைக் கண்டது நான்தான் என்று என் பெயரையும் சொன்னார். கை தட்டினார்கள். தன் பிழையை அவ்வளவு இலேசாகச் சபையில் வைக்க ஒருவரால் முடிகிறதே என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.

உங்களிடம் பொறாமையை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. விட முடிந்தவர்களை நான் சந்தித்ததில்லை. அது உங்களை எங்கே பார்க்கவைக்கிறதோ அங்கே நன்றாகப் பாருங்கள். பார்த்ததை, அதைத் திருத்தக்கூடியவரிடம் முதலில் கொண்டுபோங்கள். போகும்போது உங்கள் பொறாமையையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், அவர் எப்படியும் அறிந்துதான் இருப்பார்.

திருநாள் அன்று பின்னேரம் காற்று விழுந்து கடல் தட்டையாகக் கிடந்தது. பிணைத்த வள்ளங்களின் மேடையில் சொரூபமும் சுவாமியும் தூக்குபவர்களும். பின்னால் வந்த வள்ளங்களில் சனம். மேடையை ஒட்டி வந்த பெண்களுக்குரிய வள்ளத்தில், பிலோமினா அக்காவுக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் நிரோஷினி. துறைமுக வாயில் இயந்திரங்களை நிறுத்தினார்கள். சம்மாட்டியார் பட்டியின் முனையைக் கையில் எடுத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். நான் எழும்பி நின்றேன். என்னைக் கூப்பிடுவார் என்றுதான் எழும்பினேன்.

"தங்கச்சி, இங்கை வாரும்" என்று அவர் நிரோஷினியைக் கூப்பிட்டார். "நீர்தான் பிடிக்கவேணும்." நிரோஷினி மேடைக்குத் தாண்டிப் போய்ப் பட்டியை வாங்கினார்.

சொரூபம் ஓரத்தில் நின்று மெல்ல உருண்டு முன்னால் சாய்ந்தது. சனம் பெயர்களைக் கூப்பிடத் தொடங்கியது. பிலோமினா அக்கா தன் மகனுடைய பெயரை முதலில் மெதுவாகவும், பிறகு வீட்டு வாசலில் நின்று கூப்பிடுவது போல உரக்கவும் கூப்பிட்டார். என் கையைப் பிடித்திருந்தார், நகம் பதிந்தது. நான் மாதாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பீடத்தின் விளிம்பைப் பார்த்தேன், அது பலகையில் வழுக்காமல், நெரியாமல் தாங்கிநின்றது. பிறகு பட்டியைப் பிடித்திருந்த அந்த அசையாத மணிக்கட்டைப் பார்த்தேன். அங்கே என் கை இருந்திருக்க வேண்டும் என்று, எல்லோரும் அழுதுகொண்டிருந்த அந்த வேளையிலும் நினைத்தேன். சொரூபம் கடலைப் பார்த்து முடித்து, நிமிர்ந்தது.